உங்கள் இடம் எது? டோங்கா மக்களோடு பழகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தெற்கு ஆக்லாந்தில் வீடு எடுத்துக் குடியேறினால், அடுத்த வீட்டிலோ எதிர் வீட்டிலோ ஒரு டோங்கா குடும்பம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 2018 கணக்கெடுப்பின்படி நியூசிலாந்தில் மட்டும் டோங்கா வம்சாவளியினர் 82,000 பேருக்கு மேல். பசிபிக் கடலில் உள்ள தீவு நாடான டோங்காவின் மக்கள்தொகையே சுமார் ஒரு லட்சம்தான். ஆஸ்திரேலியாவிலும், அமெரிக்காவில் யூட்டா, கலிஃபோர்னியா, ஹவாய் பக்கமும் வாழ்பவர்களைச் சேர்த்தால், ஊரில் இருப்பவர்களைவிட வெளியில் இருப்பவர்களே அதிகம். அதனால் இந்த வழிகாட்டி டோங்காவுக்கு விமானம் ஏறுபவர்களுக்கு மட்டுமல்ல. பள்ளி வாசலிலும் தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் அவர்களைத் தினமும் சந்திப்பவர்களுக்கும்தான்.

தொடங்கும் முன் ஒரே ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: “வா”. நம் “வா” அல்ல. டோங்கா மொழியில் அது இருவருக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறிக்கும். வெற்று இடம் என்று அதை அவர்கள் நினைப்பதில்லை. உங்களையும் என்னையும் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த இடம்தான், அதைச் செடிபோலப் பராமரிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்தப் பராமரிப்புக்குப் பெயர் “தவுஹி வா”. மொழி, உடை, சாப்பாடு, சாவு வீடு என்று எதைத் தொட்டாலும் “எதிரே இருப்பவரோடு என் இடம் எது?” என்ற கேள்வியில்தான் போய் நிற்கும். மரபைத் தனித்தனி விதிகளாக மனப்பாடம் செய்யாமல் இந்தக் கேள்வியோடு கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: வாய் பழகட்டும்

டோங்கா மொழி ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் பாலினேசியக் கிளையைச் சேர்ந்தது. மிக நெருங்கிய உறவு நியுவே மொழி. சமோவா, மாவோரி, ஹவாய் மொழிகள் கொஞ்சம் தள்ளிய சொந்தம்.

தமிழ் தெரிந்தவருக்கு இது கடினமான மொழி அல்ல. உயிர் ஐந்து, ஐந்துக்கும் குறிலும் நெடிலும் உண்டு. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு நமக்குச் சின்ன வயதிலேயே படிந்துவிட்டது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில்தான் திணறுவார்கள். இரண்டு மெய்கள் ஒட்டி வராது, எந்தச் சொல்லும் மெய்யில் முடியாது, ர ஒலி கிடையாது. கிறிஸ்துமஸ் அவர்கள் வாயில் “கிலிஸிமஸி” ஆவது இப்படித்தான். சொல்லின் கடைசிக்கு முந்தைய உயிரில் அழுத்தம் விழும்.

மூன்று இடங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

முதலாவது, க, த, ப. நாம் சொல்லின் நடுவில் இவற்றை மெலிதாக்கிவிடுவோம். “பக்கம்” என்பதில் ஒரு ஒலி, “பகல்” என்பதில் இன்னொன்று. டோங்கா மொழியில் எங்கே வந்தாலும் வல்லொலிதான். கீழே நான் எழுதும் சொற்களில் “தபு” என்று வந்தால் “தப்பு” என்பதில் வரும் ப் ஒலியோடு, ஆனால் இரட்டிக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது, ங. நாம் அரிச்சுவடியில் எழுதிப் பழகி, அப்புறம் “ங்க” என்று மட்டுமே பயன்படுத்தும் அந்த எழுத்துக்கு இங்கே முழுநேர வேலை. நாட்டின் பெயரையே தமிழில் “டோங்கா” என்று எழுதி வருகிறோம். அவர்கள் சொல்வது “தொங”. ங-வுக்குப் பின்னால் க இல்லை. சொல்லின் முதலிலும் ங வரும். மரப்பட்டைத் துணிக்கு “ஙது” என்று பெயர்.

மூன்றாவது, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி. அவர்கள் இதற்குத் தனிக் குறி போடுகிறார்கள், முழு எழுத்தாகவே எண்ணுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ' என்று காட்டியிருக்கிறேன். இதை விட்டால் பொருள் மாறிவிடும். “அங” என்றால் நடத்தை, பழக்கவழக்கம். “'அங” என்றால் சுறாமீன்.

படி 2: தினமும் தேவைப்படும் சொற்கள்

யாரைப் பார்த்தாலும் “மாலோ எ லெலெய்”. நலமாக இருப்பதற்கு உங்களைப் பாராட்டுகிறேன் என்பதுபோன்ற பொருள். “மாலோ” மட்டும் சொன்னால் நன்றி. மிக்க நன்றி என்றால் “மாலோ 'அவுபிதோ”. எப்படி இருக்கிறீர்கள்? “ஃபேஃபே ஹகே?” நன்றாக இருக்கிறேன், நன்றி: “ஸய் பே, மாலோ”. ஆம் என்பதற்கு “'இஓ”, இல்லை என்பதற்கு “'இகய்”. பல நேரம் ஆம் என்று வாயால் சொல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்துவார்கள். பதில் வரவில்லையே என்று கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள், பதில் வந்துவிட்டது. தயவுசெய்து என்பதற்கு “காதகி” அல்லது “ஃபகமொலெமொலெ”. மன்னிப்புக் கேட்கவும் இரண்டாவது உதவும்.

விடைபெறும்போது இரண்டு சொற்கள். நீங்கள் கிளம்புகிறீர்கள், அவர் அங்கேயே இருக்கிறார் என்றால் “நொஃபோ ஆ”, அதாவது இருங்கள். அவர் கிளம்புகிறார் என்றால் “'அலு ஆ”, போய்வாருங்கள். யார் போகிறார், யார் இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் வாய் திறக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது “துலோவு” என்ற சொல். உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் கடந்துபோக வேண்டியிருந்தால், அவர்கள் தலைக்கு மேலே உள்ள அலமாரியிலிருந்து எதையாவது எடுக்க வேண்டியிருந்தால், உடம்பைத் தாழ்த்தி, மெதுவாகத் “துலோவு” என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போன நாளில் கூடத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே நிமிர்ந்தபடி நடந்து சமையலறைக்குப் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலேயே வந்த அந்த வீட்டின் ஆறு வயதுக் குழந்தை குனிந்து, “துலோவு, துலோவு” என்று இருபுறமும் சொல்லிக்கொண்டே வந்ததைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். இலக்கணம் எதுவும் தெரியாவிட்டாலும் இந்த ஒரு சொல்லைச் சரியான இடத்தில் சொல்பவரை அந்த வீடு மறக்காது.

எண்கள் எளிது: தஹ, உஅ, தொலு, ஃபா, நிம, ஒனோ, ஃபிது, வலு, ஹிவ, ஹொஙொஃபுலு. பூஜ்யம் “நோஅ”. பத்துக்கு மேல் இலக்கங்களை அப்படியே அடுக்கிச் சொன்னாலும் போதும்; இருபதை “உஅ நோஅ” என்று சொல்வது சாதாரண வழக்கம். கிழங்கு, தேங்காய், மீன் எண்ணுவதற்கு இணை இணையாக, இருபது இருபதாக எண்ணும் பழைய கணக்கு தனியாக உண்டு. அதை அவசரமாகக் கற்க வேண்டியதில்லை.

படி 3: “நாம்” யார், “நாங்கள்” யார்

இங்கே தமிழருக்குப் பெரிய அனுகூலம். கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள் என்ற வேறுபாடு டோங்கா மொழியிலும் உண்டு: “கிதவுதொலு” என்றால் நாம், “கிமவுதொலு” என்றால் நாங்கள். கூடுதலாக ஒன்றைக் கற்க வேண்டும். இருவர் மட்டும் என்றால் தனிச் சொல். நீயும் நானும்: “கிதவுஅ”. நானும் இன்னொருவரும், நீ இல்லாமல்: “கிமவுஅ”.

எத்தனை பேர், யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிக்காமல் இந்த மொழியில் “நாம்” என்று சொல்லவே முடியாது. முன்னே சொன்ன “வா” இலக்கணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

படி 4: மூன்று அடுக்குச் சொற்கள்

சாதாரண மக்களுக்கு ஒரு சொல், பிரபுக்களுக்கு இன்னொன்று, அரசருக்கும் கடவுளுக்கும் வேறொன்று. நீங்களும் நானும் போவது “'அலு”. பிரபு போனால் “மெ'அ”. அரசர் போனால் “ஹா'எலே”. நாம் சாப்பிடுவது “கய்”, அரசர் சாப்பிடுவது “தௌமஃப”. சாதாரணமானவர் இறப்பது “மதே”, பிரபு இறந்தால் “பெகிஅ”, அரசர் இறந்தால் “ஹல”. உற்சவர் தெருவில் வரும்போது நாம் “சாமி நடந்து போகிறார்” என்று சொல்வதில்லை, “எழுந்தருளுகிறார்” என்கிறோம். படையலை “அமுது செய்தார்” என்கிறோம். அதே உணர்வுதான். அங்கே அது அன்றாட வானொலிச் செய்தியிலேயே ஒலிக்கும்.

புதியவர் உயர்ந்த சொற்களைப் பேச வேண்டிய தேவை அநேகமாக வராது. ஆனால் காதில் விழுந்தால் அடையாளம் காணத் தெரிய வேண்டும். தன்னைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொற்களை எடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அடுக்குகள் எங்கிருந்து வந்தன என்பதற்குக் கொஞ்சம் வரலாறு. தூ'இ தொங என்ற அரச மரபு ஏறக்குறைய பத்தாம் நூற்றாண்டிலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். தொங்கதாபு தீவின் கிழக்கே நிற்கும் ஹ'அமொங 'அ மவுயி என்ற மூன்று கல் வாசலும், மு'ஆவில் படிப்படியாக அடுக்கிய அரசக் கல்லறைகளும் அந்த மரபின் மிச்சங்கள். தீவுகளை 1845-இல் ஒரே அரசாக்கிய முதலாம் ஜார்ஜ் துபோ 1862-இல் சாமானியர்களைத் தலைவர்களின் அடிமைப் பிடியிலிருந்து விடுவித்தார். 1875 நவம்பர் 4-இல் அரசியல் சட்டம் தந்தார். 1900 முதல் 1970 வரை பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தாலும் சொந்த அரச பீடம் கலையவே இல்லை. இன்று ஆறாம் துபோ மன்னர். டோங்காக்காரர் ஒருவரிடம் “உங்களை எந்த நாடு ஆண்டது?” என்று கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். யாரும் தங்களை ஆளவில்லை என்பதுதான் அவர்கள் மிகவும் பெருமைப்படும் விஷயம்.

படி 5: அக்காவும் அத்தையும்தான் மேலே

எல்லாவற்றிலும் இதுதான் ஆழமானது, அவசரப்படாமல் படியுங்கள்.

டோங்கா குடும்பத்தில் வயதும் ஆண் என்பதும் மட்டும் ஒருவரை உயர்த்திவிடாது. உடன்பிறந்தாருக்குள் சகோதரிதான் சகோதரனைவிட மேல். அதனால் அப்பாவின் சகோதரி, “மெஹெகிதங”, வீட்டிலேயே மிக உயர்ந்த இடத்தில் இருப்பவர். கல்யாணமானாலும் சாவானாலும் அவர் வரும்வரை ஒன்றும் தொடங்காது. சிறந்த பாயும் சிறந்த ஙதுவும் அவருக்கே போகும். இந்த உரிமைக்கும் அதை உடையவருக்கும் “ஃபஹு” என்று பெயர்.

அம்மாவின் சகோதரன் “ஃப'ஏதஙத”. சொல்லுக்கு நேர்ப்பொருள் “ஆண் அம்மா”. சகோதரியின் பிள்ளைகள் அவரிடம் உரிமையோடு கேட்கலாம், எடுக்கலாம். அவர் கொடுக்கக் கடமைப்பட்டவர். காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியையும் அவர் கொண்டுவரும் சீரையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அப்பாவின் சகோதரர்களும் “அப்பா”தான், அம்மாவின் சகோதரிகளும் “அம்மா”தான். நம் பெரியப்பா, சித்தி போல.

ஆனால் இந்த ஒற்றுமையை நம்பி ஒரு படி கூடுதலாகப் போய்விடாதீர்கள். நமக்கு மாமன் மகளும் அத்தை மகனும் முறைப்பிள்ளைகள், கேலிக்குரியவர்கள். டோங்காவில் அவர்கள் உடன்பிறந்தவர்கள். ஒன்றுவிட்டவர், இரண்டுவிட்டவர் என்ற பிரிவெல்லாம் இல்லாமல் எல்லாருமே அண்ணன், தங்கை. நம் ஊர்ப் பழக்கத்தில் “அத்தை மகன்தானே, கட்டிக்கொள்ளலாமே” என்று விளையாட்டாகச் சொன்னால் கூடம் உறைந்துபோகும்.

அண்ணன் தங்கைக்கு நடுவே “தபு”, அதாவது விலக்கு, வேறு இருக்கிறது. ஆங்கிலத்தில் இன்று உலகமே பயன்படுத்தும் “டாபூ” என்ற சொல், கேப்டன் குக் 1777-இல் டோங்காவில் கேட்டு எழுதிக்கொண்டு போனதுதான். பருவம் வந்தபின் சகோதரனும் சகோதரியும் ஒரே அறையில் தூங்குவதில்லை. ஒருவர் முன்னால் மற்றவர் கொச்சையாகப் பேசுவதில்லை, காதல் பேச்சு எடுப்பதில்லை. தொலைக்காட்சியில் முத்தக் காட்சி வந்தால் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார். பிரிவு என்று இதைத் தவறாகப் படிக்காதீர்கள். தங்கைக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருபவன் அந்த அண்ணன்தான்.

உங்களுக்கான நடைமுறை: ஒரு கூட்டத்தில் யார் யாருக்குச் சகோதர முறை என்று தெரியும்வரை கேலிப்பேச்சைத் தள்ளி வையுங்கள். ஒருவரின் அப்பாவின் சகோதரியை அறிமுகப்படுத்தினால் எழுந்து மரியாதை செய்யுங்கள். நீங்கள் செவிலியராகவோ சமூகப் பணியாளராகவோ இருந்தால், ஒரு சகோதரியின் உடல்நிலை விவரத்தை அவள் சகோதரன் முன்னால் கேட்காதீர்கள். அவளைத் தனியே அழைத்துக் கேளுங்கள்.

படி 6: இடுப்பில் கட்டும் பாய்

ஆண்கள் வேட்டிபோல் சுற்றும் “துபெனு”, அதன்மேல் தாழையோலையில் முடைந்த “த'ஒவல” என்ற பாய், அதை இறுக்கத் தேங்காய் நாரில் பின்னிய “கஃப” கயிறு. பெண்களுக்கு த'ஒவல அல்லது சரம் சரமாகத் தொங்கும் “கியெகியே”. தேவாலயம், அலுவலகம், அரசு விழா எல்லாவற்றுக்கும் இதுவே மரியாதையான உடை. கிழிந்து நைந்த பழைய பாயைக் கட்டியிருப்பவரைப் பார்த்து ஏழை என்று எண்ணாதீர்கள். பாட்டி காலத்திலிருந்து கைமாறி வந்த பாய்க்குத்தான் விலை அதிகம்.

நீங்கள் முட்டியும் தோளும் மூடிய உடை அணிந்தால் போதும். பொது இடத்தில் ஆண்கள் சட்டையில்லாமல் நடப்பது டோங்காவில் சட்டப்படி குற்றம். கடலில் குளிக்கும்போதும் ஊர்க்காரர்கள் சட்டையும் கால்சட்டையுமாகவே இறங்குவார்கள்.

படி 7: ஞாயிற்றுக்கிழமையைத் திட்டமிடுங்கள்

ஞாயிறு புனிதமானது என்று 1875 அரசியல் சட்டமே சொல்கிறது. அன்று வியாபாரம் கூடாது, தொழில் கூடாது. அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம்கூடச் செல்லாது. ஆகவே தலைநகர் நுகு'அலோஃபாவில் தங்குவதாக இருந்தால் சனிக்கிழமையே தலமஹு சந்தையில் பழமும் கிழங்கும், கடையில் ரொட்டியும் தண்ணீரும் வாங்கி வையுங்கள். விமானப் பயணத்தையும் ஞாயிறு தவிர்த்தே போடுங்கள்.

அன்று செய்யக்கூடிய சிறந்த காரியம் தேவாலயத்துக்குப் போவது. உங்கள் மதம் எதுவானாலும் வரவேற்பார்கள். வெஸ்லியன் சபை பெரியது, கத்தோலிக்கரும் மார்மன்களும் நிறைய. வாத்தியம் இல்லாமல் நாலு குரலில் ஊரே பாடும் பாட்டு கூரையைத் தூக்கும். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். அந்தப் பாட்டைக் கேட்டு முதல் நாள் கண் கலங்கியதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. பின்வரிசையில் உட்காருங்கள், எழும்போது எழுங்கள். வழிபாடு முடிந்ததும் யாராவது ஒருவர் சாப்பிடக் கூப்பிடுவார்.

படி 8: சாப்பாடும் கவாவும்

“ஹ'உ 'ஒ கய்!” என்றால் வா, சாப்பிடு. திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தெருவில் போகும் உங்களைப் பார்த்தும் இப்படி அழைப்பார்கள். எல்லா அழைப்புக்கும் உட்கார்ந்தாக வேண்டும் என்பதில்லை. சிரித்துக்கொண்டு “மாலோ, குவோ உ மாகொன” என்றால் நன்றி, வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். பதிலே சொல்லாமல் போவதுதான் தவறு.

ஞாயிறு விருந்து “'உமு”விலிருந்து வரும். குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, உணவை இலையில் பொதிந்து வைத்து மேலே மூடிவிடுவார்கள். தேவாலயத்திலிருந்து திரும்பும்போது வெந்திருக்கும். அதில் முக்கியமானது “லூ”. சேம்பின் இலையில் கெட்டித் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் இறைச்சியும் வைத்து மடித்தது. மாட்டிறைச்சி என்றால் லூ புலு, ஆட்டிறைச்சி என்றால் லூ ஸிபி. கூடவே சேம்பு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, ஈரப்பலா, பெருவிழாவில் முழுப்பன்றி. “'ஒத இக” என்பது பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறவைத்தது.

சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறைச்சி இல்லாத லூ ஒன்றைத் தனியாகக் கட்டித் தருவது அவர்களுக்குச் சிரமமே இல்லை. தட்டில் வைத்தபின் ஒதுக்குவதுதான் மனதை நோகடிக்கும். மூத்தவர்களும் விருந்தினரும் முதலில் சாப்பிடுவது வழக்கம். சமைத்தவர்கள் நிற்கிறார்களே என்று நீங்கள் எழுந்துகொள்ள வேண்டாம். சாப்பிடும் முன் ஜெபம் முடியும்வரை கை வைக்காதீர்கள்.

கவா மிளகுக் குடும்பச் செடி. அதன் வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்து வடிகட்டியதை “குமெதே” என்ற மரக்கிண்ணத்திலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தருவார்கள். மண் வாசனையும் கசப்புமாக இருக்கும், உதடு லேசாக மரத்துப்போகும். போதை தலைக்கேறாது, உடம்பு தளரும். பொதுவாக ஆண்கள் வட்டமாக அமர்ந்து இரவு முழுக்கப் பேசியும் பாடியும் குடிப்பதற்கு “ஃபய்கவ” என்று பெயர்.

இதன் பிறப்புக் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். 'எயுவெயிகி தீவுக்குப் பஞ்ச காலத்தில் மன்னர் வந்தார். ஃபெவங, ஃபெஃபஃப என்ற தம்பதியிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. தொழுநோய் கண்ட தங்கள் ஒரே மகள் கவ'ஒனவுவையே விருந்துக்குக் கொடுத்தார்கள். உண்மை அறிந்த மன்னர் உண்ணாமல், அவளைப் புதைக்கச் சொன்னார். அந்தக் குழியில் இரண்டு செடிகள் முளைத்தன. ஒன்றைக் கடித்த எலி தள்ளாடியது, மற்றதைக் கடித்ததும் தெளிந்தது. முதலாவது கவா, அடுத்தது கரும்பு. தந்தவர்களின் தியாகத்தை நினைத்துத்தான் அரச கவாச் சடங்கு இன்றும் நடக்கிறது. இந்தக் கதை தெரிந்தபின் அந்தச் சிரட்டையை அலட்சியமாகப் பிடிக்க மனம் வராது.

நீங்கள் செய்ய வேண்டியது: காட்டிய இடத்தில் சம்மணமிட்டு உட்காருங்கள், வட்டத்தின் தலைப்பக்கம் தானாகப் போய் உட்காராதீர்கள். தந்ததை ஒரே மூச்சில் குடித்துச் சிரட்டையைத் திருப்பிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் மரியாதையோடு மறுக்கலாம். பரிமாறும் இளம்பெண்ணுக்குத் “தொவு'அ” என்று பெயர். வட்டத்தில் இருக்கும் யாருக்கும் அவள் சகோதரி முறையாக இருக்கக் கூடாது; இருந்தால் அங்கே வழக்கமான கேலிப்பேச்சு எழவே முடியாது. ஐந்தாம் படியில் சொன்னது இங்கேயும் வந்து நிற்பதைப் பாருங்கள். குடித்தபின் வண்டி ஓட்டாதீர்கள்.

படி 9: ஆட்டத்துக்குப் பணம் ஒட்டுவது

ஒரு பெண் தேங்காயெண்ணெய் பூசிய தோள் மின்ன, கைவிரலால் கதை சொல்லியபடி தனியாக ஆடும் “தவு'ஒலுங” நடக்கும்போது, உறவினர்கள் எழுந்துபோய் அவள் தோளில் பணத்தாளை ஒட்டுவார்கள். இது “ஃபகபலெ”. நம் கண்ணுக்கு முதலில் தப்பாகப் படலாம். அது அவளை மதித்துத் தருவது. பணம் குடும்பத்துக்கோ, பள்ளிக்கோ, நிதி திரட்டும் காரியத்துக்கோ போகும். நீங்களும் சிறிய தாள்களாக வைத்துக்கொண்டு, குனிந்து போய், ஒட்டிவிட்டோ காலடியில் வைத்துவிட்டோ திரும்புங்கள்.

நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக நின்று பாடி ஆடும் “லகலக” 2008-இல் யுனெஸ்கோவின் மானுட மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பாட்டில் “ஹெலியகி” என்ற உத்தி இருக்கிறது: ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்துவது. ஒரு பூவின் பெயர் வரும், அது ஒரு குலத்தைக் குறிக்கும். ஒரு கடற்கரையின் பெயர் வரும், அது ஒரு மனிதரைக் குறிக்கும். நம் அகப்பாடல்களின் உள்ளுறையைச் சுவைத்தவர்கள் இதில் தோய்ந்துபோவார்கள். 1918 முதல் 1965 வரை ஆண்ட ராணி ஸாலோதே இதில் பெரிய கவிஞர். 1953-இல் லண்டனில் எலிசபெத் ராணியின் முடிசூட்டு ஊர்வலத்தன்று கொட்டும் மழையில் திறந்த வண்டியில் நனைந்தபடியே போய் அங்குள்ள மக்களின் மனதைக் கவர்ந்தவரும் இவரே.

பேச்சைத் தொடங்க ஒரு வழி வேண்டுமா? ரக்பி. 2011 உலகக் கோப்பையில் டோங்கா 19–14 என்று பிரான்ஸைத் தோற்கடித்த நாளைப் பற்றிக் கேளுங்கள். மாலை போய்விடும்.

படி 10: நாட்டுக்கே போவதானால்

ஆக்லாந்து, சிட்னி, ஃபிஜியின் நாடி வழியாக ஃபுவ'அமொது விமான நிலையம். நாடியில் காத்திருப்பு நீண்டால், அங்குள்ள சுப்பிரமணிய சுவாமி கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம். டோங்காவின் நேரம் சென்னை, கொழும்பைவிட ஏழரை மணி நேரம் முன்னால். பணம் “ப'அங”, நூறு “ஸெனிதி” சேர்ந்தது. வண்டி இடப்பக்கம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஜூலை முதல் அக்டோபர் வரை வவ'உ தீவுகளில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு இருக்கும். நிலம் வாங்கும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள்: டோங்காவில் நிலத்தை விற்கவே முடியாது, வெளியார் குத்தகைக்கு மட்டுமே எடுக்கலாம்.

2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா எரிமலை வெடித்து, சுனாமி வந்து, கடலடிக் கம்பி அறுந்து, வெளிநாட்டில் இருந்த பிள்ளைகளுக்குப் பல நாள் தகவலே இல்லாமல் போனது. நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்கள் எடுத்தால் முழுக்கக் கேளுங்கள். தங்குமிடத்திலிருந்து மேட்டுக்குப் போகும் வழி எது என்பதை முதல் நாளே விசாரித்து வையுங்கள்.

படி 11: துக்க வீடு

டோங்கா நண்பர்கள் கிடைத்தால் என்றாவது ஒரு நாள் “புது”வுக்குப் போக வேண்டிவரும். அது சாவுச் சடங்கு. கட்டாயம் போங்கள். ஒருவர் நட்பை எவ்வளவு மதிக்கிறீர்கள் என்பதை அவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.

கறுப்பு உடை, முழுதாக மூடியது. உறையில் கொஞ்சம் பணம். பூவோ போர்வையோகூடக் கொண்டுபோகலாம். உள்ளே நுழைந்ததும் யார் எந்த இடத்தில் என்பதைக் கவனியுங்கள். உடலின் தலைமாட்டில் அமர்ந்திருப்பவர் ஃபஹு. வருகிற பாய்களும் ஙதுக்களும் அவர் முன் குவியும், சிறந்தவை அவருக்குப் போகும். இறந்தவருக்குக் கீழ்முறையில் உள்ளவர்கள் உடம்பையே மறைக்கும் பெரிய கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டு, பின்கட்டில் புகையில் நின்று சமைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் உடலருகே வர மாட்டார்கள். ஒரு வங்கி மேலாளர் அடுப்பில் விறகு தள்ளுவதையும், கிராமத்துக் கிழவி ஒருத்தி தலைமாட்டில் ராணிபோல் அமர்ந்திருப்பதையும் நான் ஒரே வீட்டில் பார்த்தேன். பதவியை அங்கே யாரும் கேட்கவில்லை, உறவைத்தான் கேட்டார்கள்.

நீங்கள் வாசலில் குனிந்து “துலோவு” சொல்லி, காட்டிய இடத்தில் பாயில் உட்கார்ந்து, உறையை முன்வைத்து, கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள். பேச வேண்டியதில்லை. பாட்டு தொடங்கினால் அது முடியும்வரை எழாதீர்கள். படம் எடுக்காதீர்கள்.

கிளம்பும்போது பின்கட்டிலிருந்து யாராவது ஓடிவந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணிப்பார்கள். உள்ளே லூவும் கிழங்கும் சூடாக இருக்கும். துக்க வீட்டுச் சாப்பாடு என்று தயங்காதீர்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். “நொஃபோ ஆ” என்று சொல்லுங்கள். பாய் கட்டியவர்கள் புகையோடு சிவந்த கண்ணை உயர்த்தி “'அலு ஆ” என்பார்கள்.